லைனை நிறுத்தும் உரிமை யாருக்கு? ஃப்ரீமாண்ட், நம்மி, உட்டெவல்லா: ஓர் ஒப்பீடு

"ஆளுங்க சரியில்லை, அதனாலதான் வேலை நடக்கலை" என்று எந்த மேனேஜர் சொன்னாலும் எனக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்த கார் தொழிற்சாலைதான் ஞாபகத்துக்கு வரும். ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982-இல் மூடியது. 1984-இல் அதே இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் மறுபடி திறந்தன. எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் முன்பு அங்கேயே வேலை பார்த்தவர்கள், தொழிற்சங்கமும் அதே யு.ஏ.டபிள்யூ. (அமெரிக்கக் கார் தொழிலாளர் சங்கம்) தான். மாறியது நடத்தும் முறை. அதனால் ஆட்களைக் கட்டுப்படுத்துவதில் எந்த வழி தேறும் என்று பேச இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் பக்கத்தில் ஸ்வீடனில் வால்வோ நடத்திய உட்டெவல்லா தொழிற்சாலையையும் வைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் அது முற்றிலும் வேறு திசையில் போன முயற்சி.

முதலில் பழைய ஃப்ரீமாண்ட். ஒரு நாளைக்கு ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சங்கத்தின் அனுமதி இல்லாமலே திடீர் வேலைநிறுத்தங்கள் வரும், தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்ய எண்பது பேர் கொண்ட தொழில்பொறியியல் படையே இருந்தது, அவர்கள் எழுதியதைத் தொழிலாளி செய்ய வேண்டும், செய்கிறாரா என்று ஃபோர்மேன் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: லைன், அதாவது கார் ஒவ்வோர் ஆளாகத் தாண்டி நகர்ந்துகொண்டே பூட்டப்படும் வரிசை, நிற்கக் கூடாது. போல்ட் சரியாக ஏறவில்லை என்று தெரிந்தாலும் கார் அடுத்த ஆளிடம் போய்விடும், கடைசியில் தனியாக ஓரங்கட்டிப் பழுது பார்ப்பார்கள். தன் கையால் செய்வது தப்பு என்று தெரிந்தும் அதை விட்டுவிட வேண்டும் என்று ஒரு மனிதனைத் தினமும் பழக்கினால், அவன் நாளைக்கு லீவு போடுவதில் என்ன ஆச்சரியம்? கட்டுப்பாடு என்ற பெயரில் நடந்ததெல்லாம் கண்காணிப்பும் மெமோவும். தொழிலாளர் தரப்பு சங்க ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ‘இது என் வேலை இல்லை’ என்றது, எண்பதுக்கும் மேற்பட்ட வேலை வகைகள் இருந்ததால் அதற்கு இடமும் இருந்தது.

நம்மியில் அந்த எண்பது வகைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா தொழிற்சாலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்தாறு பேர் கொண்ட அணிகள், அணிக்கு ஒரு லீடர், தலைக்கு மேலே ஒரு கயிறு. ஏதாவது சிக்கல் என்றால் யார் வேண்டுமானாலும் அந்தக் கயிற்றை இழுக்கலாம். லீடர் ஓடி வருவார், குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். அப்புறம், ஸ்டாப்வாட்ச் பொறியாளர் கையிலிருந்து தொழிலாளர்கள் கைக்கு மாறியது. தங்கள் வேலையைத் தாங்களே அளந்து, எந்த வரிசையில் செய்தால் நல்லது என்று எழுதி, அதையே எல்லா ஷிஃப்டும் பின்பற்ற வேண்டும். வராதவர்களின் விகிதம் ஐந்தில் ஒன்றிலிருந்து நூற்றில் மூன்று, நான்கு என்ற அளவுக்கு இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் தரமும் வேகமும் ஜப்பான் தொழிற்சாலையை நெருங்கிவிட்டன.

இதைப் படித்துவிட்டுப் பலர் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பிரிவில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே லைனை நிறுத்த மஞ்சள் பட்டன் எல்லா ஸ்டேஷனிலும் இருந்தது. ஒருமுறை ஒரு ட்ரெய்னி பையன் அதை அழுத்தினான், அவன் பிடித்த தப்பு உண்மையான தப்புதான். சூப்பர்வைசர் வந்து கேட்ட முதல் கேள்வி "என்ன ஆச்சு?" இல்லை, "யாரைக் கேட்டு நிறுத்தின?" மறுநாள் காலை மீட்டிங்கில் அவனை நிற்க வைத்து, இழந்த நிமிடங்களைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் இருந்தவரை அந்த ஷிஃப்டில் யாரும் அந்தப் பட்டனைத் தொடவில்லை.

நம்மியில் அந்தப் பயம் போனதற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் அல்ல, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஒரு ஷரத்து. கம்பெனியின் இருப்பே ஆபத்தில் இருந்தால் ஒழிய ஆட்குறைப்பு கிடையாது, அப்படியே வந்தாலும் அதற்கு முன் மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவர வேண்டும். 1988 வாக்கில் விற்பனை விழுந்தபோது யாரையும் அனுப்பவில்லை, மிஞ்சிய ஆட்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டு வேலைகளிலும் போட்டார்கள். வேலையை எளிதாக்க ஒரு யோசனை சொன்னால் தன் வேலையே போய்விடுமோ என்ற சந்தேகம் அப்போதுதான் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தக் கயிற்றைவிட இந்த ஷரத்துதான் பெரிய விஷயம்.

ஆனால் நம்மி சொர்க்கம் இல்லை. பழைய முறையில் ஒரு நிமிடத்தில் 45 விநாடி போல வேலை இருந்தால், இங்கே 57 விநாடி. மூச்சுவிட இடம் இல்லாத முறை இது, மனிதரை நெருக்கியே நடக்கிறது என்று தொழிலாளர் தரப்பிலேயே கடுமையாக விமர்சித்தார்கள், அதில் நியாயம் உண்டு. 1993 மாடலைக் கொண்டுவந்த சமயத்தில் உடல்வலியும் காயங்களும் கூடி, கலிஃபோர்னியாவின் தொழில் பாதுகாப்புத் துறை தலையிடும் நிலை வந்தது.

இந்த இடத்தில்தான் உட்டெவல்லா முக்கியமாகிறது. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்ட ஊரில், 80-களின் கடைசியில் வால்வோ தொடங்கிய தொழிற்சாலை. அங்கே ஓடும் லைனே கிடையாது. கார் ஒரே இடத்தில் நிற்கும், சின்னக் குழு ஒன்று அதை முழுதாகப் பூட்டும். ஒருவரின் வேலைச் சுற்று நம்மியில் ஒரு நிமிடம் என்றால் இங்கே மணிக்கணக்கு. யார் எதைச் செய்வது என்று குழுவே தீர்மானிக்கும், அதனால் மேஸ்திரி வேலைக்கு அங்கே பெரிய அவசியம் இருக்கவில்லை. காரை முழுதாகக் கட்டத் தெரிந்தவரிடம் ‘ஏன் இதைச் செய்யவில்லை’ என்று பக்கத்தில் நின்று கேட்க வேண்டியதில்லை. 1993-இல் அதை மூடிவிட்டார்கள். முறை தோற்றதால் மூடினார்கள் என்று சொல்வோரும் உண்டு, நான் அதை ஏற்கவில்லை. விற்பனை சரிந்து வால்வோவிடம் தேவைக்கு மேல் தொழிற்சாலைகள் இருந்தன, உட்டெவல்லாவில் பாடியும் பெயின்ட்டும் செய்யும் வசதி கிடையாது, எனவே மூடுவதற்குச் சுலபமான இடம் அதுதான். ஒரு குழு கண்டுபிடித்த நல்ல வழி மற்றக் குழுக்களுக்குப் போய்ச் சேர்வதில் நம்மி கெட்டி என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், எழுதி வைக்கும் பழக்கத்தின் பலன் அது.

சரி, எது மேல்? மலிவாக, லட்சக்கணக்கில், ஒரே தரத்தில் கார் வேண்டும் என்றால் நம்மி. முப்பது வருஷம் அங்கே வேலை செய்யப்போவது நான் என்றால் உட்டெவல்லா. பழைய ஃப்ரீமாண்டை எந்தக் கணக்கிலும் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் நம் தொழிற்பேட்டைகளில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான், சுவரில் மட்டும் ஜப்பானியச் சொற்களை ஒட்டியிருப்பார்கள்.

2009-இல் திவால் நடவடிக்கைக்குப் போன ஜெனரல் மோட்டார்ஸ் நம்மி கூட்டு நிறுவனத்திலிருந்து விலகியது, தனியாகத் தொடர டொயோட்டா விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி சிவப்பு கொரோலா ஒன்று கடைசியாக லைனை விட்டு இறங்கியது. அன்று வேலை இழந்தவர்கள் ஏறக்குறைய 4,700 பேர்.