நாற்கரச் சாலையை விட்டு இறங்கிச் சாப்பிட்டோம்

மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை நாற்கரச் சாலையிலேயே போனால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று பெயர்ப்பலகைதான் கண்ணில் படும். ஊர் கண்ணில் படாது. பசித்தால் சாலையோரத்திலேயே பெரிய பெரிய ஓட்டல்கள். கார் நிறுத்த இடம், ஏ.சி., கழுவித் துடைத்த கழிப்பறை, பத்துப் பக்க மெனு கார்டு. வெளிநாட்டிலிருந்து வருகிற எங்களைப் போன்றவர்கள் அங்கேதான் போய் நிற்போம். போன தடவை அப்படி ஓர் இடத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்த்த அம்மா, "இந்தக் காசுக்கு ஒரு வாரம் ஆக்கிப் போட்டிருப்பனே" என்றார். காசு கூடப் பரவாயில்லை. தோசைக்கு வைத்த மூன்று சட்னியும் நிறத்தில்தான் வேறு, ருசியில் ஒன்று.

இந்த ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போதே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம். கல்லாவில் முதலாளியே உட்கார்ந்திருக்கிற கடையில்தான் சாப்பாடு. கூட வந்தவர்கள் முழங்கால் வலியோடு அம்மா, காரம் ஆகாத பதினான்கு வயது மகன், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் மனைவி. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு சந்துக் கடைகளுக்குள் நுழைய முடிந்ததா என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாடகைக் காரின் டிரைவர் தம்பிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. காரணம் ஊரறிந்ததுதான். ஆள் கொண்டுவந்து இறக்குகிற டிரைவருக்குப் பல ஹைவே ஓட்டல்களில் சாப்பாடு இலவசம். சின்னக் கடையில் அந்தக் கணக்கு ஓடாது. "தம்பி, நீங்களும் எங்க கூடவே உட்காருங்க, பில்லு என்னோடது" என்றதும் ஆளே மாறிவிட்டார். "அப்படின்னா நான் சொல்ற கடைக்கு வாங்கண்ணே. மேப்பை அணைச்சுப் போடுங்க" என்றார்.

மேப்பை அணைத்தது நல்லதாகவே போயிற்று. நட்சத்திரங்களும் படங்களும் குவிந்து கிடப்பது பைபாஸ் கடைகளுக்குத்தான். ஊருக்குள் நாற்பது வருடமாக அடுப்பெரிகிற கடைக்கு நாலு கருத்து இருந்தாலே அதிகம். அதில் ஒன்று "பார்க்கிங் இல்லை" என்று இருக்கும். ஒரு கடையை மேப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைத்திருந்தது. தினமும் வந்து சாப்பிடுகிறவர்கள் கருத்து எழுத மாட்டார்கள். மறுநாளும் வருவார்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து தம்பி சொல்லித் தந்த ஒரு சூத்திரம் பயணம் முழுக்கக் கைகொடுத்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காராதே. கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், பத்திரப்பதிவு அலுவலகம் இருக்கிற தெருவுக்குப் போ. பஸ் ஸ்டாண்டில் சாப்பிடுகிறவர் திரும்பி வரப்போவதில்லை. கோர்ட்டுத் தெருவில் சாப்பிடுகிற குமாஸ்தா நாளைக்கும் வந்தாக வேண்டும். சாம்பார் ஒரு நாள் புளித்தால் கூட அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார்.

விருதுநகரில் இறங்கியது சாயங்காலம். இங்கே எண்ணெய்ப் புரோட்டா என்று ஒன்று உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாவை வீசி மடக்கிச் சுருட்டித் தட்டுவது வரை எல்லா ஊர்ப் புரோட்டாவும் போலத்தான். அதற்கப்புறம் விளிம்பு உயர்ந்த பெரிய கல்லில், புரோட்டா பாதி முங்குகிற அளவுக்கு எண்ணெய் விட்டுப் பொரிக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்த மேசை அடுப்புக்கு நேர் எதிரே இருந்தது. மாஸ்டர் நீளக் கரண்டியால் ஒவ்வொன்றாகத் திருப்பி, ஓரத்தில் சாய்த்து எண்ணெய் வடியவிட்டு, சூட்டோடு இலையில் போட்டார். "பிச்சுப் போடவா, முழுசா வேணுமா?" இது மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அவன் முழுசாகக் கேட்டான். விரலால் அழுத்தியதும் மேல் தோல் நொறுங்கியது, உள்ளே அடுக்கு மெத்தென்று இருந்தது. சால்னாவைக் காரம் என்று தள்ளிவிட்டு, வெறும் புரோட்டாவையே தின்று தீர்த்தான். கல்லாவில் இருந்த பெரியவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் தயிர் வெங்காயம் வந்தது. பில்லில் அது இல்லை.

சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். இவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் புதிதாக இல்லை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தின வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு. குறியீடு வந்தபின் பைபாஸ் ஓரத்திலும் அதே பெயரில் வரிசையாகக் கடைகள் முளைத்திருக்கின்றன. ஊருக்குள் போய், பாகு காய்ச்சுகிற வாசம் தெருவுக்கு வருகிற கடையில் வாங்குங்கள்.

பயணத்தின் சிறந்த சாப்பாடு பாளையங்கோட்டையில், கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில். பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன்கட்டில் நாலு மேசை, வாசலில் ஒரு கரும்பலகை. அக்கா சமைக்கிறார், அவர் கணவர் பரிமாறுகிறார். வாரத்தில் ஒரு நாள் சொதி. நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்தில் போடுகிற தேங்காய்ப்பால் குழம்பு. பாசிப்பருப்பும் காய்கறிகளும் இரண்டாம் பாலில் வெந்து, கடைசியில் முதல் பால் சேர்த்து, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிவார்கள். கூட இஞ்சித் துவையல் இருந்தாக வேண்டும். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக உட்காராமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

நாங்கள் போனபோது மணி இரண்டைத் தொட்டிருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சொதி இருக்கும்மா, இஞ்சித் துவையல் இப்பதான் தீந்துட்டு. செத்த நேரம் இருந்தா அரைச்சுத் தாரேன்" என்றார். காத்திருந்தோம். அம்மியில் இல்லை, மிக்சியில்தான். அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அதற்குள் அம்மா பேச்சுக் கொடுத்துவிட்டார்.

"எந்த ஊரும்மா நமக்கு?"

"அம்பாசமுத்திரந்தான். இப்ப மகங்கூட சிங்கப்பூர்ல."

"அப்படிச் சொல்லுங்க. எங்க மதினியும் அம்பைதான்."

அதோடு இலையில் அப்பளம் இரட்டிப்பாகிவிட்டது. மகனுக்குக் காரமில்லாத குழம்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று தடவை சோறு வாங்கினான். இரண்டரை மணிக்கு வந்த இரண்டு வக்கீல்களுக்குச் சோறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கோபப்படவில்லை; "நாளைக்கு முன்னாடியே வாறோம்க்கா" என்று போய்விட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மனதைப் பழக்கிக்கொள்ள வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். இந்தக் கடைகள் நம் பசிக்காகத் திறந்திருப்பதில்லை. காலையில் வாங்கின காயும் கறியும் தீரும் வரை திறந்திருக்கும். மதியச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரைக்குள் போய் உட்கார வேண்டும். புரோட்டாக் கடைக்குச் சாயங்காலம். ஊர் சுற்றுகிற திட்டத்தைக் கடை நேரத்தை வைத்துப் போடுங்கள்; கோயிலும் அருவியும் எங்கேயும் போய்விடாது.

காசு விஷயம். கிரெடிட் கார்டைச் சின்னக் கடைகளில் மறந்துவிடுங்கள். வாசலில் கியூஆர் அட்டை, பக்கத்தில் ஒரு ஒலிப்பெட்டி, காசு விழுந்ததும் தொகையை உரக்கச் சொல்கிறது. 2023 முதல் சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணை என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கோடு (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான இந்திய வங்கிக் கணக்குகள்) இணைத்து யு.பி.ஐ. பயன்படுத்த முடிகிறது. நம் வங்கி அதற்கு வழி செய்திருக்க வேண்டும். எண்ணைச் சரிபார்க்க அந்த சிம்மிலிருந்தே குறுஞ்செய்தி போக வேண்டும் என்பதால், விமானம் ஏறும் முன் வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. இல்லாதவர்கள் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயணத்தில் மிச்சமான 2000 ரூபாய்த் தாள் பர்சில் இருந்தால் அதை நீட்ட வேண்டாம். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து விலக்குவதாக அறிவித்த பிறகு எந்தக் கடையிலும் எடுப்பதில்லை.

பில்லில் ஜி.எஸ்.டி. இல்லையே என்று என் மனைவி ஒரு கடையில் சந்தேகப்பட்டார். ஏ.சி. ஓட்டலில் 5 சதவீதம் தனியாகக் காட்டியிருப்பார்கள். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருக்கிற கடை நம்மிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது; அதைவிடச் சின்னக் கடை பதிவே செய்ய வேண்டியதில்லை. சொன்ன விலைதான் மொத்த விலை. சேவைக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. பரிமாறுகிறவர் கையில் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டாலும் ரசம் அதே அளவுதான் வரும்.

குறை ஒன்று உண்டு, அது சின்னக் குறை இல்லை. கழிப்பறை. நாங்கள் சாப்பிட்ட கடைகளில் பாதிக்கு மேல் கிடையாது. இருந்த இடங்களிலும் அம்மாவால் உட்கார முடிகிற மாதிரி இல்லை. அக்கா வீட்டு மெஸ்ஸில் மட்டும் உள்ளே அழைத்துப்போய்த் தங்கள் வீட்டுக் குளியலறையைக் காட்டினார். "ருசி இருக்கு, அன்பு இருக்கு" என்று இதை மழுப்பக் கூடாது. வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. நாங்கள் கண்ட வழி, ஊருக்குள் திரும்பும் முன் பைபாஸில் பெட்ரோல் பங்க்கிலோ பெரிய ஓட்டலிலோ ஒரு காப்பி குடித்துவிட்டு வேலையை முடித்துக்கொள்வது. தண்ணீரும் அப்படித்தான். கேன் தண்ணீர் என்பார்கள். மகனுக்கு மட்டும் சீல் உடைக்காத பாட்டில் வாங்கினோம்.

தென்காசிப் பக்கம் போனபோது குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. செங்கோட்டை அருகே பிரானூர் பார்டரில் ராத்திரி ஏழு மணிக்குப் புரோட்டாக் கடைகளில் நிற்க இடமில்லை. 1956 நவம்பரில் செங்கோட்டை அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேரும் வரை அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. எல்லை போய் எத்தனையோ காலமாகிவிட்டது, புரோட்டா மட்டும் எல்லையின் பெயரிலேயே விலை போகிறது. சின்னச் சின்னப் புரோட்டா, நாட்டுக்கோழி, காடை. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீசன் கூட்டத்தில் முதலாளிக்கு நம் முகம் பார்க்க நேரமில்லை. சாப்பிடும்போதே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போவதென்றால் சீசன் இல்லாத மாதத்தில்தான் போவேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் திருநெல்வேலி டவுனுக்குப் போய், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அல்வாவுக்குப் பெயர்போன இருட்டுக்கடையில் வரிசையில் நின்றேன். சாயங்காலம்தான் திறக்கிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ரத வீதியில் காரை நிறுத்த முடியாது என்று தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டதால் ஆட்டோவில் போனேன். சிங்கப்பூர் நண்பர்களுக்கு அல்வாவே போதும். நெய் தூக்கலாக இருப்பதால் பல நாள் தாங்கும். பால்கோவா அவ்வளவு தாங்காது, அதைப் பயணத்திலேயே தின்று தீர்த்தோம்.