நாவைக் கட்டுவதா, கண்ணைத் திருத்துவதா?

புறம்பேச்சைக் கைவிட யூத மரபில் இரண்டு வழிகள். எதில் தொடங்கலாம்?

நாவடக்கம்: 'லஷோன் ஹரா' என்பது அவதூறு அல்ல, உண்மையே ஆனாலும் பிறரைக் கெடுக்கும் பேச்சு. ராதின் ஊர் ரபி (யூத மதகுரு) இஸ்ரயேல் மேயர் ககான் 1873இல் இதன் விதிகளை நூலாகத் தொகுத்தார்.
நல்லெண்ணம்: எவரையும் தராசின் நல்ல தட்டில் வைத்துப் பார் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு.

எளிமை: வாயை இன்றே மூடலாம். பார்வை மாற நாளாகும்.

நீடிப்பு: மூடிய வாய்க்குள் கசப்பு புளித்துக்கொண்டே இருக்கும். வணக்கம் சொல்லாமல் போனவரைத் "திமிர்" என்னாமல் "கண்ணாடியை மறந்திருப்பார்" என்று நினைத்தால், அடக்க எதுவுமே இல்லை.

ஆபத்து: நல்லெண்ணம் ஏமாற வைக்கலாம். நம்பத்தகாதவரோடு கூட்டு வியாபாரத்தில் இறங்கும் நண்பனை எச்சரிக்க ககானின் விதிகளே கைகொடுக்கும்: தெரிந்ததை மட்டும், மிகைப்படுத்தாமல், அவன் நன்மைக்காக.

வாய் துறுதுறுப்பவருக்கு முதல் வழி. பேசாமலே பொருமுகிறவருக்கு இரண்டாவது. நான் இரண்டாவது ரகம்.