ஸ்லாப் சிட்டி: ஆர்.வி.யில் ஒரு பகல் போய்வர என்னென்ன வேண்டும்

கலிபோர்னியாவின் தென்கிழக்கு ஓரத்தில், நைலாண்ட் என்ற சிற்றூரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில், சோனோரன் பாலைவனத்துக்குள் இருக்கிறது ஸ்லாப் சிட்டி. மின்கம்பி கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, சாக்கடை கிடையாது, குப்பை வண்டி வராது. இடத்துக்கு வாடகையும் கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரீன் படையினருக்காக இங்கே கேம்ப் டன்லப் என்ற பயிற்சி முகாம் இருந்தது. போருக்குப் பின் கட்டடங்களைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். காங்கிரீட் தளங்கள் மட்டும் மிஞ்சின. அந்தத் தளங்கள்தான் ‘ஸ்லாப்’. அவற்றின் மேல் பழைய டிரெய்லர், பேருந்து, மரப்பலகை, தார்ப்பாய் என்று கிடைத்ததை வைத்து ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை, காலை ஒன்பது மணிக்குப் போய் இரண்டு மணிக்குள் கிளம்பினால் அருமையான பயணம். கோடையில் போகவே வேண்டாம். வெயில் 45 டிகிரியைத் தாண்டும், ஒதுங்க நிழல் இருக்காது. வாடகை ஆர்.வி.யில் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) முதல்முறை போகிறவர்கள் இரவு தங்கும் ஆசையையும் விட்டுவிடலாம். ஜனவரியில் பகல் 20 டிகிரிக்குச் சற்று மேலே, இரவு 5 டிகிரி வரை இறங்கும். ஹீட்டரின் விசிறி விடிய விடிய ஓடினால் ஒற்றை பேட்டரி விடியலுக்குள் படுத்துவிடும்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை வழியாக இண்டியோ வந்து, சால்டன் ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிப் போகும் 111-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்க வேண்டும். இண்டியோவிலிருந்து நைலாண்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். சான் டியேகோவிலிருந்து வந்தால் ஐ-8, பிறகு பிராலி, கலிபாட்ரியா வழி. (கலிபாட்ரியாவில் 184 அடிக் கொடிக்கம்பம் ஒன்று உண்டு. ஊர் கடல்மட்டத்துக்கு அவ்வளவு கீழே இருப்பதால், கொடியாவது கடல்மட்டத்தில் பறக்கட்டும் என்று நட்டிருக்கிறார்கள்.) எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பெட்ரோல், தண்ணீர், சாமான் எல்லாவற்றையும் கோச்செல்லாவிலோ பிராலியிலோ முடித்துவிடுங்கள். நைலாண்டை நம்பிப் போகாதீர்கள்.

பெட்ரோல் விஷயத்தில் பலர் ஏமாறுவது ஜெனரேட்டரால். க்ளாஸ் சி வண்டிகளில் (வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய நடுத்தர ஆர்.வி.) ஜெனரேட்டரும் வண்டியின் டேங்கிலிருந்தே பெட்ரோல் எடுக்கும். ஆனால் அதன் உறிஞ்சுகுழாய் டேங்கின் அடிவரை போகாது. கால் டேங்குக்குக் கீழே வந்ததும் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். நீங்கள் வீடு திரும்ப மிச்சம் இருக்கட்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. இது தெரியாமல் ‘மெஷின் ரிப்பேர்’ என்று வண்டியை வாடகைக்கு விட்டவரை அழைக்கிறவர்கள் நிறைய. கூரை ஏசிக்கு மட்டுமே சுமார் 1,500 வாட் வேண்டும். கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதல் இழுக்கும். ஏசி ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழலாம். ஜெனரேட்டர் ஓடும்போது புகைபோக்கிப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முன்னாடியே அழுத்திப் பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கு. 25 அடி வண்டியில் நல்ல தண்ணீர் டேங்க் ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். வண்டிக்கு வண்டி மாறும். ஒரு பகலுக்கு அதில் பாதி போதும். முழுக்க நிரப்பினால் 150 கிலோ கூடுதல் எடை, மணலில் அது வேண்டாத பாரம். குடிக்க மட்டும் தனியாக, ஆளுக்கு 4 லிட்டர் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்குத் தண்ணீரைக் குடிக்க நம்பாதீர்கள், முன்பு வாடகைக்கு எடுத்தவர் எந்தக் குழாயில் பிடித்தாரோ. கிளம்புமுன் கழிவறை டேங்கில் சில லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றி வையுங்கள். காய்ந்த டேங்கில் விழுவது அடியில் ஒட்டிக் கூம்பாகக் குவியும்; பிறகு எவ்வளவு திறந்துவிட்டாலும் போகாது. உள்ளே காகிதம் ஒட்டியிருந்தால் டேங்க் அளவு காட்டும் சென்சார் ‘முக்கால்’ என்று பொய் சொல்லும், பதற வேண்டாம்.

சமையலைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று கட்டிக்கொண்டு போனால் பாத்திரம் கழுவும் வேலை மிச்சம், அழுக்குநீர் டேங்கும் காலியாக இருக்கும். தயிர்சாதத்தை மட்டும் ஃப்ரிட்ஜை நம்பி எடுக்காதீர்கள். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்கு வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அமோனியா சுற்று தடைப்பட்டுக் குளிர்ச்சி போய்விடும். ஐஸ் பெட்டி உத்தமம்.

நைலாண்டில் ரயில்பாதையைக் கடந்து பீல் ரோட்டில் திரும்பினால் தார்ச்சாலைதான், ஆனால் பள்ளமும் ஒட்டும் நிறைய. மெதுவாகப் போனால் அலமாரிக் கதவு திறக்காது. சிக்கல் தார் முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. க்ளாஸ் சி வண்டியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளமான வால் தொங்கும். ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த வால் தரையில் இடிக்கும், கழிவுக்குழாய் உடைவது இப்படித்தான். மணல் உறுதியாகத் தெரியும், ஆனால் மேல்பொருக்குக்குக் கீழே பொடி. சந்தேகம் வந்தால் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும்: குதிகால் புதைந்தால் வண்டியும் புதையும். மழை பெய்த மறுநாள் களிமண் சோப்பாக வழுக்கும், அன்று வேண்டாம். வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மண்சாலைக்குத் தடை இருக்கும். மாட்டிக்கொண்டால் இழுவைச் செலவு உங்கள் தலையில். டயர் காற்றைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே, ஓட்டுநர் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்; அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுகிறவர்கள்தான் டயர் வெடிப்பில் போய் முடிகிறார்கள்.

ஆகவே சால்வேஷன் மவுண்டன் (ஒரு மனிதர் கையால் கட்டி வண்ணம் பூசிய மலை) அருகே சாலையோரம் கெட்டியான தரையில் வண்டியை நிறுத்திவிட்டு மற்றதை நடந்தோ சைக்கிளிலோ பார்ப்பது நல்லது. சைக்கிளுக்கு முள் குத்தும், ஒட்டு சாமான் அவசியம்.

பயணத்தின் உச்சம் அந்த மலைதான். லியோனார்ட் நைட் 1984-இல் தொடங்கினார். ‘கடவுள் அன்பாயிருக்கிறார்’ என்று எழுதிய ராட்சத வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிடப் பல வருஷம் முயன்று தோற்ற மனிதர். பலூன் துணி இற்றுப்போன பின், சின்னதாக ஒரு நினைவுச்சின்னம் கட்டிவிட்டுப் போகலாம் என்று சிமெண்டையும் மணலையும் குழைத்தார். சிமெண்ட் குறைவு, மணல் அதிகம். கனம் தாங்காமல் 1989-இல் அந்த முதல் மலை சரிந்தது. அடுத்ததை வைக்கோலும் களிமண்ணும் கலந்து கட்டினார். நம் ஊர் மண்சுவர் பார்த்தவர்களுக்கு அந்த நுட்பம் புதிதல்ல. அதன்மேல் அன்பளிப்பாக வந்த பெயிண்ட் அடுக்கடுக்காக. அந்தப் பெயிண்ட்தான் மழைக்குக் கவசம். தோல் கிழிந்தால் உள்ளே களிமண் கரையும். அதனால்தான் மஞ்சள் பூசிய பாதையை விட்டு ஓரடி கூட விலகக் கூடாது என்கிறார்கள். அது முறையான கோரிக்கை. 1994-இல் பெயிண்டில் ஈயம் கலந்து மண்ணைக் கெடுத்துவிட்டது என்று மாவட்ட நிர்வாகம் இடிக்கப் பார்த்தது. தனியாக எடுத்த மண் சோதனை அதைப் பொய்யாக்கியது. நைட் 2014-இல் காலமானார். மலையைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, சில்லறை நோட்டு போடுங்கள். காலை வெளிச்சத்தில் நிறம் நன்றாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம்.

ஈஸ்ட் ஜீசஸ் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பெயரைப் பார்த்து மதம் என்று நினைக்க வேண்டாம், ‘அத்துவானக் காடு’ என்பதற்கான அமெரிக்கக் கொச்சை அது. சார்லி ரஸ்ஸல் தொடங்கிய சிற்பத் தோட்டம், எல்லாம் குப்பையிலிருந்து. பழைய டிவிப் பெட்டிகளை அடுக்கி, திரைகளில் வாசகம் எழுதிய சுவர் ஒன்று போதும், நடந்த நடைக்கு ஈடு. தோட்டம் பார்வையாளருக்கு, அதை ஒட்டிய பகுதி அவர்கள் வீடு; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்லாப் சிட்டியின் மற்ற பகுதிகளுக்கும் இதே விதி. டயர், கல், பாட்டில் வரிசை கண்டால் அது வேலி. கேட்காமல் படம் எடுப்பதும் ட்ரோன் விடுவதும் சண்டைக்கு வழி. தெருநாய்கள் உண்டு. வெந்நீர் ஊற்று பற்றி ஆசை காட்டுவார்கள். சேற்றுக் குழி, ஆழம் தெரியாது, விட்டுவிடலாம். கிழக்கே சாக்லேட் மலைப் பக்கம் குண்டுவீச்சுப் பயிற்சிக்களம். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டாதீர்கள், வெடிக்காத குண்டுகள் கிடக்கும்.

குப்பை ஒன்றுவிடாமல் திரும்ப வண்டியில் ஏற வேண்டும். பாத்திரம் அலம்பிய தண்ணீரைக்கூட மண்ணில் திறந்துவிடக் கூடாது. டேங்க் காலிசெய்ய, வடக்கே ஹாட் மினரல் ஸ்பா ரோட்டில் உள்ள ஆர்.வி. பார்க்குகளில் கட்டணம் எவ்வளவு என்று முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கழிவறை டேங்க், பிறகு அழுக்குநீர் டேங்க். பின்னது முன்னதன் குழாயைக் கழுவிவிடும். கையுறை வண்டியில் இருக்கும் என்று நம்பாமல் நீங்களே வாங்கி வையுங்கள்.

111-இல் வடக்கே திரும்பும்போது எல்லைக் காவல் சோதனைச் சாவடி வரும். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப் பிரதியும், கிரீன் கார்டுக்காரர்கள் அட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவர்கள் ஐ-94 அல்லது கிரீன் கார்டை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பது அங்கே பதில் ஆகாது. தார்ச்சாலை ஏறியதும் ஒரு நிமிடம் நிறுத்தி, பின்னாலுள்ள இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் கல் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வேகம் எடுத்தபின் அது பின்னால் வருகிறவர் கண்ணாடியில் போய்த் தெறிக்கும், அல்லது உங்கள் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும்.