பிரஸ் பிரேக் டையை பென்ச் வைஸுக்கு மாத்தி குடுத்த மேட்டுப்பாளையம் பட்டறை

கடலூர் ஓ.டி.ல சின்னதா தகடு வேலை பண்றேன், போட்டுங்களுக்கு பேட்டரி கிளாம்ப், லைட் பிராக்கெட், இந்த மாதிரி. பிரஸ் பிரேக், அதான் தகடு மடிக்கிற பெரிய மெஷின், போட இடமும் இல்ல, பணமும் இல்ல. காயலான் கடைல அந்த மெஷினோட பழைய பஞ்சும் (தகட்டை அமுக்குற கூர் நுனி இரும்பு) 8 எம்எம் வி டையும் (வாய் 8 எம்எம் அகலமா வி பள்ளம் வெட்டின அடி இரும்பு) கெடச்சுது, 6 இன்ச்சா வெட்டி வைஸ்ல (மேஜைல பூட்டின இறுக்கி) மாட்டிட்டா கையாலயே மடிச்சிடலாமேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். தகட்டு கனத்துக்கு எட்டு மடங்கு வி, அப்ப 1 எம்எம் தகட்டுக்கு இது கரெக்ட்.

மொதல்ல பக்கத்துலயே ஒரு இடத்துல குடுத்தேன், தண்ணி கூட வுடாம வீல்ல அறுத்து வச்சிருந்தாங்க. வெட்டின ஓரமெல்லாம் நீலம் பாஞ்சு டெம்பர் (இரும்போட கெட்டித்தனம்) போயி, நாலே நாள்ல நுனி மழுங்கிடுச்சு. வயிறு எரிஞ்சுது.

மீதி நீளத்தை எடுத்துகிட்டு புதுச்சேரி மேட்டுப்பாளையம் எஸ்டேட் உள்ள இருக்கிற ஒரு லேத் பட்டறைக்கு போனேன், போர்டு கூட கிடையாது. அங்க இருந்த பெரியவர் ஒண்ணும் பேசல, ஒரு அரத்தை எடுத்து பஞ்சு நுனில ஒரு இழு, அடிப்பக்கம் ஒரு இழு. நுனில வழுக்கிட்டு போச்சு, அடில தூள் வந்துச்சு. "நுனி மட்டும்தான் தம்பி ஹார்டு, உடம்புல டிரில் ஏறும்"னாரு. அப்பவே நம்பிக்கை வந்துடுச்சு.

சூடே ஏறாம வயர் கட்ல (கரண்டு பாயுற மெல்லிசு கம்பியால அறுக்கிற மெஷின்) வெட்டி, முதுகுல 12 எம்எம் பிளேட்டு அலன் போல்ட்ல பூட்டி, ரெண்டு ஓரத்துலயும் கைடு பின்னும் ஸ்பிரிங்கும் போட்டு குடுத்தாரு. இந்த பின்னுதான் விஷயமே. வைஸ் இறுக்கும்போது முன் தாடை லேசா தூக்கும், பஞ்சு வி நடுவுல உக்காராது, மடிப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிடும். பின்னு இருந்தா நேரா போய் உக்காருது.

1 எம்எம் எம்எஸ் (சாதா இரும்புத் தகடு) சும்மா கைப்பிடிய இறுக்கினாலே மடியுது. எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கொஞ்சம் முரண்டு பண்ணும், வுட்டதும் ரெண்டு மூணு டிகிரி விரியும், அதனால கூடுதலா இறுக்கணும். அதுக்காக கைப்பிடில பைப்பு சொருகிடாதீங்க, வைஸ் ஸ்க்ரூ போயிடும். 6 எம்எம்க்கு கம்மியா ஓரம் மடிக்க வராது, தகடு வி உள்ள நழுவிடும். சுத்தியால மட்டும் அடிச்சிடாதீங்க, ஹார்டான நுனி சில்லு தெறிச்சா கண்ணு போயிடும்.

குறைன்னா, ஒரு வாரம்னாரு, 17 நாள் ஆச்சு, வயர் கட் வெளிய அனுப்பறாரு போல, ரெண்டு தடவ பஸ் ஏறி போய் சும்மா திரும்பி வந்தேன். ஒரு ஸ்பிரிங் தளர்ந்து இருந்துச்சு, காசு வாங்காம மாத்திட்டாரு. மொத்தம் 3,400 ரூபா, எனக்கு அது நியாயம்தான். எங்க ஊரு உப்புக்காத்துக்கு வேலை முடிஞ்சதும் ஆயில் தொடச்சு வைக்கணும், அது நம்ம வேலை.

போறவங்க மடிக்கப்போற தகட்டுல ஒரு துண்டு கையோட எடுத்துட்டு போங்க, அதை நம்ம கண்ணு முன்னாடி மடிச்சு மூலை மட்டம் வச்சு பாத்துட்டுதான் டைய கையில குடுக்கறாரு.