சவுத் டகோட்டாவில் பெசன்ட் வேட்டைக்கு "தனியார் நிலம்" என்று யாராவது பணம் கேட்டால் அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்

வயதான அப்பாவையோ மாமனாரையோ கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்துக்கு பெசன்ட் (காட்டுக்கோழி மாதிரியான ஒரு பறவை) வேட்டைக்குப் போக நினைப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன நவம்பரில் எங்களுக்கு நடந்தது. 1,850 டாலர் போயிற்று. அப்பாவுக்கு 77 வயது, மூன்று வருடம் முன்பு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர், இன்னும் எத்தனை நவம்பர் அவரால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குள் நடக்க முடியும் என்று தெரியாது. அதில் ஒன்றை ஒரு ஆள் வீணாக்கிவிட்டான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா 1978-இல் மினசோட்டாவுக்கு வேலைக்கு வந்தவர். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டார்கள், அன்றிலிருந்து இலையுதிர்காலம் வந்தாலே அவருக்கு வீட்டில் கால் தரிக்காது. (செம்போத்தை ஆங்கிலத்தில் குரோ பெசன்ட் என்று சொல்வதால் ஊரில் சொந்தக்காரர்கள் குழம்புவார்கள், இது அது இல்லை. சீனாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கோழி இனம், கழுத்தில் வெள்ளை வளையம், நீளமான வால்.) ரெட்ஃபீல்டு பக்கம் ஒருமுறை போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1919-இல் அந்த மாநிலத்தின் முதல் பெசன்ட் வேட்டைப் பருவம் ரெட்ஃபீல்டு இருக்கும் ஸ்பிங்க் கவுண்டியில்தான், ஒரே ஒரு நாள் நடந்தது.

மினியாபொலிஸிலிருந்து 212-ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் ஐந்து மணி நேரம். பெரிய லாட்ஜ் செலவு நமக்குக் கட்டாது, நாமே திட்டம் போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: வழிகாட்டி கிடையாது, வீடும் 1,200 ஏக்கர் தனியார் நிலமும் மட்டும் தருகிறோம், மூன்று நாள். போனில் அந்த ஆளிடம் மூன்றே கேள்விதான் கேட்டேன். அப்பா படி ஏறி இறங்கக் கூடாது, படுக்கையறை தரைத்தளத்தில் இருக்கிறதா? இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் அவரால் நடக்க முடியாது, வயலுக்குள் வண்டியில் கொண்டுபோய் விட முடியுமா? யூடிவி (வயலுக்குள் ஓடும் சின்ன வண்டி) இருக்கிறது, நானே கூட்டிப்போகிறேன். எங்களிடம் நாய் இல்லை, கிடைக்குமா? என் லாப்ரடார் வரும். நாய் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெசன்ட் அடிபட்டாலும் பறக்காமல் புல்லுக்குள் ஓடிவிடும், 77 வயதுக்காரர் அதன் பின்னால் ஓட முடியாது. தோட்டா பற்றிக்கூடக் கேட்டேன், எது வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள் என்றான். பாதிப் பணத்தை ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) மூலம் அனுப்பினேன். மீதியைச் சாவி தரும்போது ரொக்கமாகக் கேட்டான், இரவு எட்டு மணிக்கு அப்பா காரில் களைத்து உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன சொல்ல முடியும், கொடுத்துவிட்டேன்.

படுக்கையறை பேஸ்மென்டில் இருந்தது. பதினான்கு படி, ஒரு பக்கம் கைப்பிடியே இல்லை. கேட்டதற்கு, மேலே இருக்கும் அறையில் வேறு குழு தங்கியிருக்கிறது என்றான். அப்பா ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினார். "விடுப்பா, தூங்கத்தானே போறோம்" என்றார்.

காலையில் நாயும் வரவில்லை, ஆளும் வரவில்லை. போனில் ஒரு வரைபடம் வந்தது, அதில் மூன்று இடங்களைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். அங்கே பத்து மணிக்கு முன்னால் சுடக் கூடாது என்பது சட்டம், அது வயதானவர்களுக்கு நல்லதுதான், நிதானமாகக் கிளம்பினோம். முதல் இடத்தில் வேலியோரம் ஒரு அரசுப் பலகை. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அது மத்திய அரசின் நீர்ப்பறவை நிலம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போய் வேட்டையாடலாம், ஆனால் ஈயக் குண்டு கூடவே கூடாது, ஸ்டீல் மாதிரி நச்சில்லாத குண்டுதான். எங்கள் பையில் இருந்தது முழுக்க அப்பாவின் பழைய ஈயத் தோட்டாக்கள். பலகையைக் கவனிக்காமல் இறங்கியிருந்தால் இந்த வயதில் அவர் அபராதம் கட்டியிருப்பார். இன்னொன்று, அந்த நிலத்துக்குள் வண்டியே ஓட்டக் கூடாது. அப்படியென்றால் யூடிவியில் கூட்டிப்போகிறேன் என்றது முதலிலிருந்தே பொய். நடக்க வேண்டிய தூரமோ சம்பங்கோரை அடர்ந்த சேறு, என் இடுப்பளவு.

இரண்டாவது இடமும் எல்லோருக்கும் திறந்த நிலம்தான், 'வாக் இன்' பகுதி. விவசாயிகளின் நிலத்தை மாநில அரசு குத்தகைக்கு எடுத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டம் அது. அந்த மாநிலத்தில் இப்படிப் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது, ஒரு காசு கொடுக்க வேண்டாம், கால்நடையாக மட்டும் போக வேண்டும். மூன்றாவதுதான் உண்மையிலேயே தனியார் நிலம், ஆனால் அவனுடையது இல்லை. நாங்கள் காரை நிறுத்திய பத்தாவது நிமிடம் ஒரு பிக்கப் வந்து நின்றது. நிலத்தின் சொந்தக்காரர். கத்தவில்லை, வரைபடத்தை வாங்கிப் பார்த்தார், இந்த ஆளுக்கு நான் அனுமதி கொடுத்ததே இல்லை என்று மட்டும் சொன்னார். அப்பா தொப்பியைக் கழற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். வாழ்நாளில் அடுத்தவன் வேலியைத் தாண்டாத மனிதர். அந்தக் காட்சியை என்னால் மறக்கவே முடியவில்லை.

அன்று மதியம் ரெட்ஃபீல்டில் ஸ்டீல் தோட்டா வாங்கிக்கொண்டு வாக் இன் பகுதிக்கே திரும்பிப் போனோம். நான் சோளக் கீற்றின் ஒரு முனையிலிருந்து நடந்து வந்தேன், மறு முனையில் அப்பா மடக்கு நாற்காலியில் ஆரஞ்சுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இதைத்தான் 'பிளாக்கர்' என்பார்கள், ஓடிவரும் பறவை கீற்று முடியும் இடத்தில்தான் எழும்பும். ஒரு சேவல் எழும்பியது, அப்பா சுட்டார், இறக்கை ஒடிந்து விழுந்து கோரைக்குள் ஓடிவிட்டது. நாற்பது நிமிடம் தேடினேன். நாய் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். இரவு அந்தப் படிகளில் இறங்கி ஏறி மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டது, ஐந்து நாள் உரிமத்தில் மூன்றாம் நாளே வீடு திரும்பினோம்.

நான் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்துவிடுங்கள். எந்த நிலத்தைத் தருகிறார்கள் என்று சரியான இடக்குறிப்பை முன்பணத்துக்கு முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள், தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். மாநில வேட்டைத் துறை ஒவ்வொரு ஆண்டும் பொது நிலங்களின் வரைபடத்தை இலவசமாகவே வெளியிடுகிறது, இணையத்திலும் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். யாருடைய நிலம் என்று ஆன்எக்ஸ் என்ற வேட்டை வரைபடச் செயலியிலேயே பெயர் வரும், அந்தப் பெயருக்குரியவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். ஸெல்லில் நாமே அனுப்பிய பணத்துக்கு வங்கி பெரும்பாலும் பொறுப்பேற்காது, என் வங்கி அதைத்தான் சொன்னது. அப்புறம் படுக்கையறையிலிருந்து வாசல் வரை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "படி இல்லை" என்ற வாய்வார்த்தையை நம்பி என் அப்பாவை நான் அங்கே கூட்டிப்போனேன்.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. நேற்று பார்த்தேன், அந்த விளம்பரம் அதே புல்வெளிப் படத்தோடு, அதே 1,200 ஏக்கரோடு இன்னும் அங்கேயே இருக்கிறது. பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது.