எழுபதாயிரத்துக்குள் வீடியோ எடிட்டிங் கணினி: மேக் மினியா, எஸ்.பி. ரோடு அசெம்பிளியா, பழைய ஆபீஸ் பெட்டியா?

என் தங்கை பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறாள். மார்கழி பிறந்த கையோடு அவளுடைய கணினி படுத்துவிட்டது. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருந்தது. ஆனால் தை பிறந்தால் வேலை வரிசை கட்டி நிற்கும். கையில் இருந்தது எழுபதாயிரம் ரூபாய். "அண்ணா, மேக் மினி வாங்கிடலாமா, இல்ல எஸ்.பி. ரோட்டுக்குப் போய் அசெம்பிள் பண்ணிடலாமா?" என்று கேட்டாள். எஸ்.பி. ரோடு என்பது பெங்களூரில் கணினிப் பாகங்கள் விற்கும் கடைத்தெரு. இரண்டு வாரம் அலசிப் பார்த்தோம்.

முதலில் படுத்துப்போன மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு பிராண்டட் டெஸ்க்டாப், ஒன்பதாம் தலைமுறை ஐ5. வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டலாம் என்று திறந்தால், மதர்போர்டுக்குப் போகும் பிளக் வழக்கமான 24 பின் இல்லை. அந்த நிறுவனம் தனக்கென்று ஒரு பிளக் வைத்திருந்தது. கடை கடையாக ஏறி இறங்கியும் அதே எஸ்எம்பிஎஸ் கிடைக்கவில்லை. அடாப்டர் போட்டு ஓட்டலாம் என்றார்கள். அந்த மெஷின் ஏற்கெனவே புது கேமரா வீடியோவில் திணறிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டோம். புதிதாக இன்னொரு பிராண்டட் விண்டோஸ் டெஸ்க்டாப் வேண்டாம் என்ற முடிவு அங்கேயே வந்துவிட்டது.

ஆப்பிளின் மேக் மினிக்கு வருவோம். எம்4 சிப்புடன் 2024 அக்டோபர் கடைசியில் அறிவித்தார்கள். இந்தியாவில் 59,900 ரூபாயில் தொடங்கியது. ஐந்து அங்குலம் அகலம், இரண்டு அங்குலம் உயரம், டிபன் பாக்ஸ் அளவுதான். 16 ஜிபி நினைவகம் (ரேம்), 256 ஜிபி சேமிப்பு. அந்த விலைக்கு அதன் வேகம் உண்மையாகவே அசத்தல். சத்தம் கிட்டத்தட்ட இல்லை. தங்கையின் வேலைக்கு இன்னொரு பெரிய அனுகூலமும் உண்டு. இப்போது கல்யாணத்துக்கு வரும் கேமராக்கள் பலவும் 4:2:2 10 பிட் என்ற வடிவத்தில் எச்.265 வீடியோவைப் பதிவு செய்கின்றன. நிறத்துக்கு அருமை, கணினிக்குப் பெரும் சுமை. மேக்கின் சிப்பில் இதைப் பிரித்துப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. டைம்லைனில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

சிக்கல் அந்த 256 ஜிபியில் ஆரம்பிக்கிறது. 200 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவான 4கே வீடியோ நிமிடத்துக்கு 1.5 ஜிபி, மணிக்கு 90 ஜிபி. நிச்சயதார்த்தமும் ரிசப்ஷனும் சேர்ந்தாலே மூன்று மணி நேரம் தாண்டும், அதற்கே இடம் போதாது. 512 ஜிபி மாடலின் அறிமுக விலை 79,900. நினைவகத்தையும் 24 ஜிபி ஆக்கினால் 99,900 ஆனது. ரேம் சிப்போடு சேர்ந்தே வருவதால், வாங்கும் அன்று எடுத்ததுதான் கடைசிவரை. வெளியே எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவும் செலவு. அப்புறம், பழைய செவ்வக யூஎஸ்பி துளை ஒன்றுகூடக் கிடையாது. தங்கையிடம் வரும் ஆட்கள் பாதிப்பேர் பென்டிரைவைத்தான் நீட்டுகிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது ஆப்பிளின் விலைப்படிதான். மினியில் எம்4 ப்ரோவின் அறிமுக விலை 1,49,900. 2025 மார்ச்சில் வந்த மேக் ஸ்டுடியோ 2,14,900 ரூபாயில் தொடங்கியது. இந்த இரண்டுக்கும் கீழே, எண்பதாயிரத்துக்குள், மூடியைத் திறந்து ரேமும் டிஸ்க்கும் நாமே சேர்க்கக்கூடிய ஒரு நடுத்தர மேக் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வீட்டில் உட்கார்ந்து உழைத்துச் சம்பாதிக்கிற எத்தனையோ பேருக்கு வேண்டியது அதுதான். அப்படி ஒன்றை அவர்கள் விற்பதில்லை.

பழைய ஆபீஸ் மெஷின்களை அதிகம் அலச வேண்டியிருக்கவில்லை. ஆப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர் வகைப் பெட்டிகள் கம்பெனிகளிலிருந்து கழித்து வந்தவை, உறுதியானவை, மலிவானவை. பள்ளிப் பிள்ளைக்கும் கணக்கு எழுதும் கடைக்கும் தாராளமாகச் சொல்வேன். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினை விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். எட்டாம் தலைமுறையும் அந்த 4:2:2 வீடியோவைத் தானாகப் பிரித்துப் படிக்காது. சின்னப் பெட்டிகளில் முழு உயரக் கிராபிக்ஸ் கார்டு நுழையவும் நுழையாது. எங்களுக்கு ஒத்துவரவில்லை.

மிச்சம் எஸ்.பி. ரோடு. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தோம். ஒரு கடையில் பையன் துண்டுத்தாளில் கோட்டேஷன் எழுதிக் கொடுத்தான்: ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசஸர், ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ரேம். நல்ல யோசனைதான். ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேம் ஆடுகிறவராக இருந்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் ரேம் விலையைப் பார்த்ததும் தங்கை முகம் மாறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சிப்புகள் போவதால், 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் சில்லறையில் விற்றுவந்த ரேம் வியாபாரத்தை விட்டே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அப்போதுதான் வீட்டில் செத்துக் கிடந்த பழைய பெட்டி நினைவுக்கு வந்தது. உள்ளே எட்டு எட்டு ஜிபியாக இரண்டு டிடிஆர்4 ரேம், அந்த ஏஎம்5 போர்டில் பொருந்தாத முந்தைய தலைமுறை. எஸ்எம்பிஎஸ் போனதே தவிர ரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கணக்கு அங்கேதான் திரும்பியது. டிடிஆர்4 ஏற்கும், இன்டெல் ப்ராசஸருக்கான பி760 போர்டு, நாலு ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். அதில் ஐ5 14400: பத்து கோர், பதினாறு த்ரெட். பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இல்லாத மாடல். இதைத் தயவுசெய்து கவனியுங்கள். எஃப் போட்டது இரண்டு மூவாயிரம் குறைவு என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அந்த எழுத்து இருந்தால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. இன்டெலின் அந்தச் சின்னக் கிராபிக்ஸ்தான் 4:2:2 எச்.265 வீடியோவைப் படிக்கிறது. ரைசனில் இருப்பது அதைச் செய்யாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 3060, 4060 கார்டுகளும் செய்யாது. 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. கார்டே இல்லாமல் எங்கள் மெஷின் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு டிபி எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ், காற்று நன்றாகப் போகும் ஒரு கேபினெட் எல்லாம் சேர்த்து 52 ஆயிரம் ஆனது. இந்த சாக்கெட்டில் இன்டெலின் அடுத்த தலைமுறை ப்ராசஸர் பொருந்தாது, அது குறைதான். அவளுக்கு ஐந்து வருடம் ஓடினால் போதும்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தங்கை வீடு கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருக்கிறது. 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழு பில்லும் தலையில் விழும். தினம் ஆறு மணி நேரம் என்று வைத்தால், 40 வாட் இழுக்கும் மேக் மினிக்கு மாதம் ஏழு யூனிட். எங்கள் பெட்டிக்கு 100 வாட் என்று போட்டால் பதினெட்டு. பெரிய கிராபிக்ஸ் கார்டுடன் 250 வாட் என்றால் நாற்பத்தைந்து. மிக்ஸி, கிரைண்டர், கீசர் ஓடும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. இந்த ஒரு இடத்தில் மேக் தெளிவாக ஜெயிக்கிறது.

ராத்திரி பழைய ரேமைக் கழற்றினோம். தங்க நிறப் பின்கள் மங்கிப்போயிருந்தன. தங்கை மகனின் பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி, புது போர்டில் வைத்து அழுத்தினாள். இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. முதல் முறையிலேயே 16 ஜிபி காட்டியது. ஐப்பசியில் எடுத்து, திணறித் திணறிப் பாதியில் நிறுத்தி வைத்திருந்த தாலி கட்டும் காட்சியைத் திறந்தாள். நிற்காமல் ஓடியது.

அசெம்பிள் செய்பவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. ஒரே வரியில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள். சீரியல் நம்பரோடு தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். டப்பாக்களைத் தூக்கிப் போட வேண்டாம்.

மிச்சமான பதினெட்டாயிரம் அப்படியே இருக்கிறது. மாசி, பங்குனி வேலைப் பணம் வந்ததும் அதோடு சேர்த்து ஆர்டிஎக்ஸ் 5060 போடுவதாக இருக்கிறாள். எட்டு ஜிபி கார்டு போதுமா, இன்னும் கொஞ்சம் பொறுத்து 5060 டிஐ-யின் பதினாறு ஜிபிக்குப் போகலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நான் பொறுக்கத்தான் சொல்கிறேன்.