லினக்ஸில் டிஸ்ப்ளேலிங்க் டாக்: யாருக்குச் சரிப்படும், திரை கருப்பானால் எங்கே பார்க்க வேண்டும்

ஒரே கேபிளில் இரண்டு மானிட்டர், நெட்வொர்க், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தரும் டாக்குகளில் இரண்டு ரகம் உண்டு. பெட்டியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதல் ரகம் டைப்-சி போர்ட்டின் ஆல்ட் மோடில் ஓடுவது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப் தரும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் அப்படியே கேபிள் வழியே மானிட்டருக்குப் போகும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம். இரண்டாவது, டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்தது. இதில் திரையின் படத்தை லேப்டாப்பின் பிராசஸர் சுருக்கி, சாதாரண யுஎஸ்பி டேட்டாவாக அனுப்புகிறது. டாக்கில் உள்ள சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கிறது. இந்த விமர்சனம் இரண்டாவது ரகத்தைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் டைப்-சி போர்ட்டில் வீடியோ வருமானால் இதை வாங்காதீர்கள், ஆல்ட் மோட் டாக்கே போதும். லேப்டாப்பில் பழைய டைப்-ஏ போர்ட் மட்டும்தான் இருக்கிறது, அல்லது கிராஃபிக்ஸ் சிப் தாங்குவதைவிட ஒரு மானிட்டர் கூடுதலாக வேண்டும் என்றால் இதுதான் வழி. அந்த நிலையில் தாராளமாக வாங்கலாம்.

படத்தின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 4கே படத்தை நொடிக்கு 60 முறை சுருக்காமல் அனுப்ப ஏறக்குறைய 12 ஜிகாபிட் வேண்டும், யுஎஸ்பி 3.0 தருவதோ 5 ஜிகாபிட். அந்த இடைவெளியைச் சுருக்கம் அடைக்கிறது. டிஎல்-6950 சிப் இருந்தால் இரண்டு 4கே மானிட்டர்கள் 60 ஹெர்ட்ஸில் ஓடும். டெர்மினல், எடிட்டர், பிரவுசர் வேலைகளில் இது யுஎஸ்பி வழியே வரும் படம் என்று கண்ணுக்குத் தெரியாது. மாறுகிற பகுதியை மட்டுமே அனுப்புவதால் அசையாத திரைக்குச் செலவு குறைவு. முழுத்திரை வீடியோ ஓடும்போது பிராசஸர் சூடேறும். கேமுக்கு இது ஆகாது. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் 480 மெகாபிட்தான் கிடைக்கும், மவுஸ் அசைவே திக்கும்.

டிரைவர் மூன்று துண்டுகள். ஈவிடிஐ என்கிற கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையமான கெர்னலில் சேரும் துண்டு), டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர் என்கிற பின்னணிச் சேவை, சிப்புக்கான ஃபர்ம்வேர். ஈவிடிஐ திறந்த மூலம், மற்ற இரண்டும் மூடியவை. டிஸ்ப்ளேலிங்கை வைத்திருக்கும் சினாப்டிக்ஸ் நிறுவனம் உபுண்டுவுக்குத் தன் ஆப்ட் களஞ்சியத்தை (கட்டளை கொடுத்து மென்பொருளை நிறுவும் இடம்) தருகிறது, ஸிப் கோப்பை இறக்கி ஓட்டுவதைவிட அதுவே நல்லது. ஃபெடோராவுக்கும் ஆர்ச்சுக்கும் தன்னார்வலர்கள் செய்யும் பேக்கேஜ்கள் உண்டு.

திரை கருப்பாக நிற்கிற சங்கடம் பெரும்பாலும் முதல் துண்டான ஈவிடிஐயில்தான் தொடங்குகிறது. டாக்கில் செருகிய கீபோர்டும் நெட்வொர்க்கும் வேலை செய்கின்றன, மானிட்டர் மட்டும் "சிக்னல் இல்லை" என்கிறது என்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். யுஎஸ்பி ஹப்புக்கும் ஈதர்நெட்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, படத்துக்கு மட்டும்தான் ஈவிடிஐ வேண்டும். முதலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்து 17இ9 என்று தொடங்கும் எண் வருகிறதா பாருங்கள். அது டிஸ்ப்ளேலிங்கின் அடையாள எண். வரவில்லை என்றால் ஒன்று இது ஆல்ட் மோட் டாக், இல்லையேல் டாக்குக்கு மின்சாரம் போகவில்லை. இரண்டும் கலந்த டாக்குகளும் விற்கின்றன. ஒரு எச்டிஎம்ஐ ஆல்ட் மோடிலும் மற்றவை டிஸ்ப்ளேலிங்கிலும் ஓடும். ஒரு மானிட்டர் ஒளிர்ந்து இன்னொன்று இருட்டாக இருப்பதற்கு இது அடிக்கடி காரணம்.

எண் வந்துவிட்டதா? அடுத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கட்டும் கருவியான டிகேஎம்எஸ்ஸிடம் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று கேளுங்கள். இப்போது ஓடும் கெர்னலின் எண்ணுக்கு நேரே ஈவிடிஐ "இன்ஸ்டால்டு" என்று இருக்க வேண்டும். நேற்று வரை ஓடிய மானிட்டர் இன்று அப்டேட்டுக்குப் பின் ஓடவில்லை என்றால் அநேகமாக இங்கேதான் சிக்கியிருக்கும். புதிய கெர்னலின் ஹெடர் பேக்கேஜ் (மாட்யூலைக் கட்டத் தேவையான கோப்புகள்) வரவில்லை என்றால் மாட்யூலைக் கட்ட முடியாது. ஹெடரை நிறுவி, டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுத்தால் சரியாகும். ஹெடர் இருந்தும் கட்டுமானம் பிழையோடு நின்றால், கெர்னலின் உள் இடைமுகம் மாறி உங்கள் ஈவிடிஐ பழசாகிவிட்டது என்று பொருள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து தொடங்குங்கள், புதிய ஈவிடிஐ வெளியாகும்வரை அதிலேயே இருங்கள். இந்த டாக்கை நம்பி வேலை பார்ப்பவர்கள் ஒரு பழைய கெர்னலையாவது எப்போதும் விட்டுவைக்க வேண்டும்.

மாட்யூல் கட்டப்பட்டும் ஏறவில்லையா? மாட்ப்ரோப் ஈவிடிஐ கொடுத்துப் பாருங்கள். "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வந்தால் செக்யூர் பூட், அதாவது நம்பிய கையெழுத்து இல்லாத மாட்யூலை ஏறவிடாத பாதுகாப்பு, தடுக்கிறது. டிகேஎம்எஸ் உங்கள் கணினியிலேயே உருவாக்கிய சாவியால் மாட்யூலில் கையெழுத்திட்டிருக்கும், ஆனால் அந்தச் சாவியைக் கணினி இன்னும் ஏற்கவில்லை. மோக்யுட்டில் கட்டளையில் இம்போர்ட் கொடுத்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்து ரீபூட் செய்யுங்கள். கணினி தொடங்கும்போது நீலத் திரை வரும். அதில் என்ரோல் மோக், கன்டின்யூ, யெஸ், பிறகு அந்தக் கடவுச்சொல். நீலத் திரை சில நொடிகளே காத்திருக்கும், எந்த விசையையும் அழுத்தாவிட்டால் சாவியைப் பதியாமலே மேலே போய்விடும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு நிமிட வேலைக்காக அதை அணைப்பது தேவையற்றது.

மாட்யூல் ஏறியும் இருட்டு என்றால் சேவையைப் பாருங்கள். உபுண்டுவில் அதன் பெயர் டிஸ்ப்ளேலிங்க்-டிரைவர், ஆர்ச்சில் வெறும் டிஸ்ப்ளேலிங்க். லேப்டாப் உறங்கி எழுந்த பின் மட்டும் படம் போகிறது என்றால் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கட்டளையால் அந்தச் சேவையை மறுபடி தொடங்குவது பெரும்பாலும் மீட்டுவிடும். டிஎல்பி என்கிற மின்சேமிப்புக் கருவி வைத்திருப்பவர்கள் டாக்கின் எண்ணை அதன் யுஎஸ்பி விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக டிஸ்ப்ளே செட்டிங்ஸ். எச்டிஎம்ஐயில் செருகியிருந்தாலும் ஈவிடிஐ அந்த மானிட்டரை டிவிஐ-ஐ-1 என்றே காட்டும். வேறு ஏதோ என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். எக்ஸ்11 (லினக்ஸின் பழைய திரை அமைப்பு) அமர்வில் பெயரே வரவில்லை என்றால், திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் புரொவைடர் பட்டியலை, அதாவது படம் தரும் கிராஃபிக்ஸ் சாதனங்களின் பட்டியலை, கேளுங்கள். இரண்டு புரொவைடர் இருந்தும் இணையாமல் நின்றால், செட்புரொவைடர்அவுட்புட்சோர்ஸ் என்பதோடு 1 0 கொடுத்தால் இணையும். என்விடியாவின் மூடிய டிரைவரும் எக்ஸ்11-உம் சேர்ந்த கணினிகளில் இந்த டாக் அதிகம் தொல்லை தருகிறது. அந்தக் கூட்டணி உங்களிடம் இருந்தால், திருப்பித் தர வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

எந்த டிரைவராலும் தீராத குறைகளும் உண்டு. லினக்ஸ் டிரைவரில் எச்டிசிபி (வீடியோவை நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு) கிடையாது, அதைக் கேட்கும் வீடியோ இந்த மானிட்டரில் வராது. பயாஸ் திரையும், வட்டைப் பூட்டியிருந்தால் கடவுச்சொல் கேட்கும் திரையும் இதில் தெரியாது. டிரைவர் ஏறுவது அதற்குப் பிறகுதான். வட்டைப் பூட்டி, லேப்டாப் மூடியை மூடி வைத்து வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதைத் திறக்க வேண்டியிருக்கும்.